கடல் கடக்கும் கட்டுமானப் பட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனையும் ஆஸ்திரேலியாவையும் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் கட்டுமான மேலாண்மை, குவாண்டிட்டி சர்வேயிங் (சுருக்கமாகக் க்யூ.எஸ்.) போன்ற படிப்புகளைத் துபாய், மலேசியா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய இடங்களில் நடத்திப் பட்டம் வழங்குகின்றன. அவற்றில் சேர நினைக்கும் மாணவர்களும், பெற்றோர்களும், அப்படியொரு கூட்டுறவைத் தங்கள் கல்லூரியில் தொடங்கலாமா என்று யோசிக்கும் நிர்வாகிகளும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களே இத்துறையில் மிகுதியாக இயங்குவதால் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.

கட்டுமானக் கல்வி ஏற்றுமதி என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு நாட்டின் பல்கலைக்கழகம், கட்டுமானத் துறை சார்ந்த தன் பட்டத்தை வேறொரு நாட்டு மாணவருக்கு விலைக்கு வழங்குவதையே ஏற்றுமதி என்கிறோம். உலக வணிக அமைப்பின் சேவை வணிகப் பொது ஒப்பந்தம் 1995 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, கல்வியும் வணிகத்துக்குரிய சேவைகளில் ஒன்றாக அதில் இடம்பெற்றது. சேவை எல்லை தாண்டும் வழிகளை அந்த ஒப்பந்தம் நான்காகப் பிரிக்கிறது: மாணவர் வீட்டிலிருந்தபடியே தொலைவழியில் படிப்பது, மாணவர் விமானம் ஏறிப் போவது, பல்கலைக்கழகம் அயல்நாட்டில் கிளை திறப்பது, ஆசிரியர் போய்ப் பாடம் நடத்திவிட்டுத் திரும்புவது. பெரிய வருவாய் இன்றும் விமானம் ஏறிப் போகும் மாணவரிடமிருந்தே வருகிறது. ஆனால் சிக்கலான கேள்விகள் எழுவது மற்ற மூன்று வழிகளில்தான் என்பதால் இந்தப் பக்கம் அவற்றையே எடுத்துக்கொள்கிறது. பிரிட்டனுக்கு வெளியே இருந்துகொண்டு பிரிட்டிஷ் பட்டத்துக்குப் படிப்பவர்கள் எல்லாத் துறைகளையும் சேர்த்து 5 லட்சத்துக்கும் அதிகம்.

இது அண்மைக் காலத்து வழக்கமா?

இல்லை. 1872 முதல் 1906 வரை இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் கல்லூரி, இந்தியப் பொதுப்பணித் துறைக்கு வேண்டிய பொறியாளர்களைத் தன் ஊரிலேயே பயிற்றுவித்துக் கப்பலேற்றியது. கொழும்பில் 1893இல் டெக்னிக்கல் காலேஜ் தொடங்கப்பட்டது; 1950இல் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் பீடம் வரும்வரை, பொறியியல் பட்டம் வேண்டிய அதன் மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தேர்வையே நம்பியிருந்தார்கள். இன்று கொழும்பில் தனியார் நிறுவனங்கள் பிரிட்டிஷ் பட்டம் நடத்துவதை அந்த வழக்கத்தின் தொடர்ச்சியாகவே பார்க்கலாம்.

கட்டுமானப் படிப்புகளில் குறிப்பாகக் க்யூ.எஸ். ஏன் இவ்வளவு விற்கிறது?

கட்டடத்தின் செலவை முன்கூட்டிக் கணக்கிட்டு, ஒப்பந்தத்தை நிர்வகித்து, மாதந்தோறும் பில்லைச் சரிபார்த்து, முடிவில் இறுதிக் கணக்கைத் தீர்த்துவைக்கும் வேலை, பிரிட்டனில் க்யூ.எஸ். என்ற தனித்தொழிலாக வளர்ந்து, காமன்வெல்த் நாடுகள் பலவற்றில் வேரூன்றியது. இந்தியாவில் அது அப்படிப் பிரியவில்லை. சென்னையில் பி.இ. சிவில் முடித்துவிட்டுப் பில்லிங் இன்ஜினியராகச் சேர்பவர் செய்வது பெரும்பாலும் இதே வேலைதான். ஆனால் அதற்கென்று தனிப் பட்டமோ தனித் தகுதியோ அவரிடம் யாரும் கேட்பதில்லை. அவரே வளைகுடாவுக்குப் போகும்போது நிலைமை மாறுகிறது. அங்கே அவர் மேசைக்கு வருவது பெரும்பாலும் ஃபிடிக் ஒப்பந்தம், அதாவது ஆலோசனைப் பொறியாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு வெளியிடும் மாதிரி ஒப்பந்தம். 1957இல் வெளிவந்த அதன் முதல் சிவப்புப் புத்தகமே பிரிட்டிஷ் சிவில் பொறியாளர்களின் ஒப்பந்தப் படிவத்தை அடியொற்றியது. பதவி உயர்வு விளம்பரங்களில் எம்.ஆர்.ஐ.சி.எஸ்., அதாவது ஆர்.ஐ.சி.எஸ். என்ற பிரிட்டிஷ் சர்வேயர் அமைப்பின் பட்டய உறுப்புரிமை, தேவை என்று போட்டிருக்கும். இலங்கைக்காரர்கள் இதை முன்னதாகவே உணர்ந்துகொண்டார்கள். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடப் பொருளியல் துறை பல்லாண்டுகளாகக் க்யூ.எஸ். பட்டதாரிகளை உருவாக்கி வருகிறது. வளைகுடாவின் செலவு மேலாண்மை அலுவலகங்களில் இலங்கையர் நிறைந்திருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

வெளிநாட்டு வளாகம் ஒன்று எப்படி இயங்குகிறது?

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1821இல் ஒரு கலைக்கழகமாகத் தொடங்கி 1966இல் பல்கலைக்கழகமான ஹெரியட்-வாட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது 2005இல் துபாயில் வளாகம் திறந்தது. பின்னர் மலேசியாவின் புத்ராஜெயாவில் ஏரிக்கரையில், கூரையில் புல் வளர்க்கப்பட்ட ஒரு கட்டடத்தைக் கட்டி 2014இல் குடியேறியது. (கட்டுமான மாணவருக்கு அந்தக் கூரையே ஒரு பாடம்: நீர்த்தடுப்பு, கூடுதல் எடை, பராமரிப்புச் செலவு எல்லாம் தலைக்கு மேலேயே இருக்கின்றன.) எந்த வளாகத்தில் படித்தாலும் பட்டம் ஒரே பல்கலைக்கழகத்தின் பட்டமே; படிக்கும்போதே ஒரு வளாகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளவும் வழி உண்டு.

எல்லாப் பல்கலைக்கழகங்களும் இவ்வளவு தூரம் போவதில்லை. நிலம், கட்டடம், விளம்பரம் ஆகியவற்றை உள்ளூர் முதலீட்டாளரிடம் விட்டுவிட்டுக் கற்பித்தலை மட்டும் தன் கையில் வைத்துக்கொள்வது ஒரு முறை. இன்னும் மலிவான முறை உரிம முறையாகும்: பாடத்திட்டத்தையும் தேர்வுத் தரத்தையும் பல்கலைக்கழகம் தரும், கற்பிப்பது உள்ளூர் நிறுவனத்தின் ஆசிரியர்கள், ஒவ்வொரு மாணவருக்கும் இவ்வளவு என்று ஒரு தொகை பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரும். இரண்டின் பட்டச் சான்றிதழ்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியாமலே போகலாம்.

மாணவர் உண்மையில் எதற்காகப் பணம் கட்டுகிறார்?

பாடத்துக்காக என்று சொல்லலாம். ஆனால் செலவைக் கணக்கிடும் முறையோ கட்டுமானத் திட்டமிடலோ உள்ளூர்க் கல்லூரியில் கிடைக்காத மறைபொருள் அல்ல. அவர் வாங்குவது முதன்மையாக ஒரு தொழில் அமைப்பின் அங்கீகாரத்துக்கான நுழைவுச்சீட்டு என்பதே இந்தக் கட்டுரையாளரின் கருத்து. 1868இல் தோன்றி 1881இல் அரச சாசனம் பெற்ற ஆர்.ஐ.சி.எஸ்., 1834இல் தோன்றி 1980இல் சாசனம் பெற்ற, கட்டுமானத் தொழிலருக்கான சி.ஐ.ஓ.பி. ஆகிய இரண்டும் படிப்புகளை ஆராய்ந்து அங்கீகரிக்கின்றன. அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர் பட்டய உறுப்பினராகும் வழியில் சேரலாம், அவ்வளவுதான். பட்டம் வாங்கியதும் பெயருக்குப் பின்னால் எம்.ஆர்.ஐ.சி.எஸ். ஒட்டிக்கொள்ளாது. அனுபவம் குறைந்த புதிய பட்டதாரி பொதுவாக 24 மாதம் முறைப்படுத்தப்பட்ட பணிப் பயிற்சி பெற்று, தன் வேலைகளைத் திறன்வாரியாகப் பதிவுசெய்து, ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு ஆய்வறிக்கை எழுதி, தேர்வாளர் குழுவின் முன் நேர்காணலில் தேற வேண்டும். இந்த விவரம் சேர்க்கைக் கையேட்டில் எவ்வளவு சிறிய எழுத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்தாலே அந்த நிறுவனத்தின் நேர்மையைப் பற்றி ஓரளவு தெரிந்துவிடும்.

பிரிட்டிஷ் பாடத்திட்டம் அப்படியே வேறு நாட்டுக்குப் பொருந்துமா?

பொருந்தாது. கணினி அறிவியலும் கணக்கியலும் ஓரளவு அப்படியே பயணம் செய்யும். கட்டடம் மண்ணோடும் சட்டத்தோடும் வெயிலோடும் கட்டுண்டது.

முதலில் அளவெடுக்கும் விதிகளைப் பாருங்கள். பிரிட்டனில் 1988இல் வந்த எஸ்.எம்.எம். 7 என்ற விதித்தொகுப்பின் இடத்தை 2013இல் என்.ஆர்.எம். 2 பிடித்தது. ஆர்.ஐ.சி.எஸ். 1979இல் பன்னாட்டுப் பயன்பாட்டுக்கென்று வெளியிட்ட பி.ஓ.எம்.ஐ. என்ற சிறிய தொகுப்பு வளைகுடாவில் பரவலாகப் பயன்பட்டது. இந்தியாவில் ஐ.எஸ். 1200, இலங்கையில் எஸ்.எல்.எஸ். 573. ஒரே காங்கிரீட் தளத்தை எந்த விதிப்படி அளக்கிறோம் என்பதைப் பொறுத்து, அதன் பலகையடைப்பும் விளிம்பும் திறப்பும் தனித்தனி உருப்படிகளாகப் பிரியும் அல்லது ஒரே விலைக்குள் அடங்கும். விதி மாறியது தெரியாமல் விலை நிரப்பிய ஒப்பந்ததாரர் நட்டப்படுவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது சட்டம். பாடத்திட்டத்தில் மிகக் கடினமாக இடம்பெயர்வது இதுவே. பிரிட்டனில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கட்டுமான ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் எந்த நேரத்திலும் தீர்ப்பாளர் ஒருவரிடம் போகும் உரிமையைத் தருகிறது; அவர் 28 நாளில் தற்காலிகமாகக் கட்டுப்படுத்தும் முடிவைச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் மாணவர் படிக்கும் ஒப்பந்த நிர்வாகத்தின் நடுநாடியே இந்த ஏற்பாடு. இதையொத்த சட்டங்களைச் சிங்கப்பூர் 2004இலும் மலேசியா 2012இலும் இயற்றியதால், அங்கே அந்தப் பாடம் சில மாற்றங்களுடன் உயிரோடு இருக்கிறது. இந்தியாவில் அப்படியொரு சட்டமே இல்லை. ஒப்பந்ததாரரின் பாக்கி பெரும்பாலும் நடுவர் மன்றத்துக்கும், அதன் பிறகு பல சமயங்களில் நீதிமன்றத்துக்கும் போகும்.

தாமத இழப்பீட்டை எடுத்துக்கொண்டாலும் இதே நிலைதான். இங்கிலாந்தில் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட தொகை தண்டமாகக் கருதப்படாதவரை, உண்மையான இழப்பை மெய்ப்பிக்காமலே அதை வசூலிக்கலாம். தண்டம் எது என்பதற்கான அளவுகோலை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் திருத்தி வகுத்தது. இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, எழுதப்பட்ட தொகையை உச்சவரம்பாக மட்டும் வைத்து, அதற்குள் நியாயமான இழப்பீட்டைத் தரச் சொல்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 1985ஆம் ஆண்டின் சிவில் சட்டம், ஒப்புக்கொண்ட தொகையை உண்மையான இழப்புக்கு ஏற்ப மாற்றும் அதிகாரத்தை நீதிபதிக்குக் கொடுத்தது. கட்டடம் இடிந்தாலோ உறுதியைக் கெடுக்கும் குறை தோன்றினாலோ ஒப்பந்ததாரரும், கட்டடத்தை வடிவமைத்துக் கட்டுமானத்தைக் கண்காணித்தவரும் 10 ஆண்டுகளுக்குச் சேர்ந்தே பொறுப்பு என்றும் அதன் 880ஆம் பிரிவு வகுத்தது. இங்கிலாந்துச் சட்டத்தை மட்டும் படித்துவிட்டுத் துபாயில் வேலைக்குச் சேர்பவருக்கு இந்தப் பொறுப்பு ஒரு வியப்பாகவே இருக்கும்.

தட்பவெப்பம் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டிஷ் பாடநூல்கள் உறைபனியில் காங்கிரீட்டைக் காப்பது பற்றிப் பேசும். துபாயில் கலவை நீரில் பனிக்கட்டி சேர்ப்பதும் இரவில் காங்கிரீட் இடுவதும் கோடைக்கால நடைமுறை. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கத் தடை உண்டு. வேலை அட்டவணை போடும் பாடத்தில் இது வராவிட்டால் மாணவர் போடும் அட்டவணை தாளில் மட்டுமே நடக்கும்.

வடிவமைப்பு விதித்தொகுப்புகளும் நாட்டுக்கு நாடு மாறுகின்றன: சிங்கப்பூர் 2015 முதல் யூரோகோடுகள் என்ற ஐரோப்பிய விதித்தொகுப்புகளை முழுமையாகக் கைக்கொண்டது, இந்தியாவில் காங்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456, நிலநடுக்கத்துக்கு ஐ.எஸ். 1893. நிலநடுக்கம் பிரிட்டிஷ் இளநிலைப் பாடத்தில் அநேகமாக ஓரத்தில் நிற்கும் விஷயம். டெல்லி வட்டாரத்தில் அதை ஓரத்தில் வைக்க முடியாது.

அப்படியானால் பாடத்தை முழுக்க உள்ளூர்மயமாக்கிவிடலாமே?

அங்கேதான் முடிச்சு இருக்கிறது. மாணவர் கட்டணம் கட்டுவது பிரிட்டிஷ் தரத்துக்காக. எல்லா வளாகங்களிலும் கற்றல் விளைவுகள் ஒப்பிடத்தக்கனவாக இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழகமும் அங்கீகார அமைப்பும் வற்புறுத்துகின்றன. நன்றாக நடக்கும் படிப்புகள் திறன்களை ஒரேமாதிரி வைத்துக்கொண்டு, பயிற்சிப் பொருளை மட்டும் மாற்றுகின்றன: புத்ராஜெயா மாணவர் மலேசியக் கட்டடக் கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தப் படிவத்தை வைத்துத் தாமதக் கோரிக்கை எழுதுவார், துபாய் மாணவர் ஃபிடிக்கை வைத்து எழுதுவார். மோசமாக நடக்கும் படிப்புகளில், லண்டன் கட்டடத்தின் வரைபடத்தையே எல்லா நாட்டு மாணவரும் அளந்துகொண்டிருப்பார்கள். வரவேற்கும் நாடும் தன் நிபந்தனையை வைக்கும். மலேசியாவில் தனியார் நிறுவன மாணவர்கள் அந்நாட்டு அரசு விதித்த பொதுப் பாடங்களைப் படிக்காமல் பட்டம் பெற முடியாது.

பாடம் நடத்துவது யார்?

வளாகம் இருந்தால் அங்கேயே குடியிருக்கும் ஆசிரியர்கள். உரிம முறையில் உள்ளூர் ஆசிரியர்களும், ஒரு வாரம் வந்து இடைவிடாமல் பாடம் எடுத்துவிட்டுத் திரும்பும் விருந்து ஆசிரியர்களும். கட்டுமானத்தில் உள்ளூர் சைட் அனுபவமுள்ள பகுதிநேர ஆசிரியர் பல சமயங்களில் விருந்து ஆசிரியரைவிடப் பயனுள்ளவர். அவருக்கு எந்த ஒப்பந்ததாரர் எந்த மாதத்தில் எந்தக் கோரிக்கையோடு வருவார் என்பது தெரியும்.

சைட்டுக்கே போகாமல் இணையவழியில் கட்டுமானம் படிக்க முடியுமா?

எந்தப் பகுதியைப் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1919இல் லண்டனில் தோன்றிப் பின்னர் இங்கிலாந்தின் ரெடிங்குக்கு இடம்பெயர்ந்த எஸ்டேட் மேலாண்மைக் கல்லூரி தொலைவழிக் கல்வியிலேயே பெயர் பெற்றது. 2025இல் கட்டடச் சூழலுக்கான பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்நிறுவனத்தில் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கனவே வேலையில் இருப்பவர்கள். செலவுக் கணக்கு, ஒப்பந்தச் சட்டம், கட்டட மாதிரி மென்பொருள் ஆகியவற்றை வேலை பார்த்துக்கொண்டே திரையில் படிப்பது அவர்களுக்கு இயல்பாகவே அமைகிறது. பள்ளிப் படிப்பு முடித்த கையோடு, சைட்டைக் கண்ணால் பார்க்காத ஒருவர் அதே படிப்பில் சேர்ந்தால், கம்பி கட்டும் வேலை ஏன் ஒருநாள் தள்ளிப்போகிறது என்பது அவருக்குக் கடைசிவரை விளங்காமல் போகலாம். காங்கிரீட் கனசதுரத்தை நசுக்கிப் பார்ப்பதற்கும் மண் சோதனைக்கும் திரை மாற்றாகாது.

பல்கலைக்கழகங்களுக்கு இது உறுதியான லாபமா?

அப்படி நினைத்து இறங்கியவர்கள் சிலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007 மார்ச்சில் சிங்கப்பூரில் முழுமையான வளாகம் ஒன்றைத் திறந்தது. 2020 வாக்கில் 15,000 மாணவர்கள் படிப்பார்கள் என்பது திட்டம். முதல் பருவத்தில் வந்தவர்கள் 148 பேர். அதே ஆண்டு மே மாதத்தில் மூடுவதாக அறிவித்து, ஜூனோடு வளாகம் முடிவுக்கு வந்தது. கட்டுமான மேலாண்மையில் பெயர்பெற்ற ரெடிங் பல்கலைக்கழகமும் மலேசியாவின் ஜொகூரில் திறந்த வளாகத்தில் எதிர்பார்த்த அளவு மாணவர் சேராமல் பெரும் நட்டத்தைச் சுமந்தது. மாறாக, ஆஸ்திரேலியாவின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் சொந்தக் கட்டடம் எழுப்பாமல் உள்ளூர் நிறுவனங்களோடு கூட்டுச்சேர்ந்தே தன் கட்டுமான மேலாண்மைப் பட்டத்தை வழங்கியது. கட்டுமானம் கற்பிப்பவர்களே கட்டடச் செலவில் மாட்டிக்கொள்வதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

கட்டுமானத் துறையின் ஏற்ற இறக்கம் வேறு இருக்கிறது. துபாயில் 2008, 2009 நிதி நெருக்கடியின்போது திட்டங்கள் வரிசையாக நின்றன. வேலை இல்லாத துறைக்கு மாணவர் சேர மாட்டார். பாடத்திட்டம் தயாராகி, அனுமதி கிடைத்து, முதல் அணி வெளியே வருவதற்கு 5 ஆண்டாவது ஆகும். சந்தை அதற்குள் ஒரு சுற்று சுற்றிவிடும்.

இந்தப் பட்டம் எந்த நாட்டில் செல்லும்?

நாட்டுக்கு நாடு விடை மாறும். மலேசியாவில் 1967ஆம் ஆண்டின் க்யூ.எஸ். சட்டப்படி அதற்கான வாரியத்தில் பதிவுசெய்தவரே அந்தத் தொழிலை நடத்தலாம். ஆகவே வாரியம் ஏற்ற பட்டமா என்பதே அங்கு முதல் கேள்வி. பிரிட்டனில் அப்படிச் சட்டக் கட்டுப்பாடு இல்லை. பட்டயப் பெயருக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு.

பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்கும் 1989ஆம் ஆண்டின் வாஷிங்டன் உடன்படிக்கையை விற்பனைப் பேச்சில் சிலர் இழுப்பார்கள். அதில் மலேசியா 2009இலும், இந்தியாவும் இலங்கையும் 2014இலும் முழு உறுப்பினராயின என்பது உண்மைதான். ஆனால் அது பொறியியல் பட்டங்களுக்கு மட்டுமானது. கட்டுமான மேலாண்மையும் க்யூ.எஸ்.ஸும் அதன் வரம்புக்குள் வராது.

இந்தியாவில் அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ இணைத்தகுதி வேண்டுபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2025ஆம் ஆண்டு விதிகள், உரிம முறையில் நடத்தப்பட்ட படிப்புகளுக்கு இணைத்தகுதி தருவதில்லை.

இந்தியாவிலேயே வெளிநாட்டுக் கட்டுமானப் பட்டம் படிக்கலாமா?

மானியக் குழு 2022இல் இரட்டைப் பட்டத்துக்கும் கூட்டுப் பட்டத்துக்கும், 2023 நவம்பரில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் நேரடி வளாகங்களுக்கும் விதிகளை வெளியிட்டது. ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகம் குஜராத்தின் கிஃப்ட் சிட்டியிலும், பிரிட்டனின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகம் குருகிராமிலும் வளாகம் திறந்துள்ளன. ஆனால் அவை வணிகம், கணினி போன்ற படிப்புகளோடு தொடங்கின. கட்டுமானத்தில் வேறொரு முயற்சி முன்பே நடந்தது: ஆர்.ஐ.சி.எஸ். என்ற தொழில் அமைப்பு அமிட்டி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2013இல் நொய்டாவில் கட்டடச் சூழல் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. பட்டம் இந்தியப் பட்டம். அங்கீகாரம் வெளிநாட்டு அமைப்புடையது. மாணவர் வாங்குவது அங்கீகாரத்தைத்தான் என்றால், இது சிக்கனமான வழி.

தமிழ்நாட்டிலிருந்து இதை ஏற்றுமதி செய்ய முடியாதா?

முடியும். சென்னை ஐ.ஐ.டி. 2023இல் கிழக்கு ஆப்பிரிக்க நாடான தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் திறந்தது. ஆனால் தொடங்கியது தரவு அறிவியலோடு. கட்டுமானத்தில் நம்மிடம் சரக்கு இல்லாமல் இல்லை: அதே ஐ.ஐ.டி.யின் சிவில் துறையில் கட்டடத் தொழில்நுட்பமும் கட்டுமான மேலாண்மையும் தனிப்பிரிவாக இருக்கின்றன. வெப்பத்தில் காங்கிரீட், குறைந்த செலவு வீடு, ஆள்பலத்தை நம்பிய சைட் நிர்வாகம் ஆகியவற்றில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு எடின்பரோவைவிடச் சென்னை நெருக்கமானது. குறைவாக இருப்பது அந்தப் பட்டத்தோடு சேர்ந்து பயணிக்கும் தொழில் அமைப்பு ஒன்றுதான், ஆர்.ஐ.சி.எஸ்.ஸுக்கு இணையாக வெளிநாட்டு முதலாளி கேட்டு வாங்கும் இந்தியத் தகுதி எதுவும் இன்னும் உருவாகவில்லை.

சேர்வதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கா, அந்தப் படிப்புக்கா, அந்த வளாகத்தில் நடக்கும் அந்தப் படிப்புக்கா என்று எழுத்தில் கேளுங்கள். தலைமை வளாகத்துக்குக் கிடைத்த அங்கீகாரம் எல்லாக் கிளைகளுக்கும் தானாகப் பரவாது. பிறகு அந்த அமைப்பின் தளத்திலேயே சரிபாருங்கள். எந்த ஒப்பந்தப் படிவமும் எந்த அளவீட்டு விதியும் கற்பிக்கப்படுகின்றன, பணிப் பயிற்சிக்கு எந்த நிறுவனங்கள் மாணவரை எடுக்கின்றன என்பவற்றையும் கேட்கலாம். வளாகம் மூடப்பட்டால் மீதிப் படிப்பை யார், எங்கே, எந்தக் கட்டணத்தில் முடித்துத் தருவார் என்ற கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

துபாயில் பிரிட்டிஷ் பட்டம் பெற்றால் பிரிட்டனில் வேலை விசா கிடைக்குமா?

படிப்பு முடித்தவர்கள் அங்கேயே தங்கி வேலை தேட உதவும் பட்டதாரி விசா, பிரிட்டனில் தங்கிப் படித்தவர்களுக்கே உரியது. துபாய், புத்ராஜெயா வளாகங்களில் முழுப் படிப்பையும் முடித்தவருக்கு அது கிடைக்காது. அவர் பிரிட்டனில் ஒரு நிறுவனம் ஆதரவளித்தால் திறன்மிகு பணியாளர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், மற்ற எந்த வெளிநாட்டு விண்ணப்பதாரரையும் போல.